வயோலாவுக்கு மாறினால் சேம்பர் மியூசிக்கில் பிழைக்க முடியுமா?

கேள்வி: லண்டனில் வயலின் படிக்கும் என் மகளை, வயலினைவிடச் சற்றுப் பெரிய, சுருதி தாழ்ந்த வயோலாவுக்கு மாறச் சொல்கிறார் ஆசிரியர். அவளுக்குப் பிடித்தது சேம்பர் மியூசிக், அதாவது சில பேர் மட்டும் சேர்ந்து ஆளுக்கொரு பகுதியாக வாசிக்கும் இசை. வயோலாவை வைத்துக்கொண்டு அந்தத் துறையில் வாழ முடியுமா?

முடியும். ஆனால் சேம்பர் மியூசிக் மட்டும் சோறு போடாது. அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கேள்வியைப் படித்தால், ஆசிரியர் உங்கள் மகளை ஒரு படி இறக்கிவிட்டார் என்று நீங்கள் எடுத்துக்கொண்டது போலத் தெரிகிறது. தப்பாக இருந்தால் மன்னியுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். நான் சென்னையில் கர்நாடக வயலினில் தொடங்கி, மேற்கத்திய இசைக்கான டிரினிட்டி தேர்வுகள் எழுதி, மேல்படிப்புக்கு லண்டன் வந்தவள். இங்கே ஆசிரியர் வயோலாவைக் கையில் கொடுத்த செய்தியைச் சொன்னதும் அம்மா போனில் கேட்ட முதல் கேள்வி, "வயலின்லேர்ந்து எறக்கிட்டாங்களாடி?" இன்றைக்கும் சொந்தக்காரர் கல்யாணங்களில் என்னை வயலினிஸ்ட் என்றுதான் அறிமுகப்படுத்துகிறார்கள். பாலமுரளிகிருஷ்ணாவே வயோலா வாசித்தவர் என்று நான் எடுத்துவிட்டால் பெரியவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். அவ்வளவுதான் அந்த வாத்தியத்துக்கு நம் வீடுகளில் மரியாதை.

வயலினில் தேறாதவர்கள் ஒதுங்கும் இடம் வயோலா என்று யாராவது சொல்லத்தான் போகிறீர்கள். இங்கே ஆர்க்கெஸ்ட்ராக்களில் வயோலாக்காரர்களைப் பற்றிய நகைச்சுவைத் துணுக்குகளே தனி ரகம், எல்லாவற்றையும் கேட்டாயிற்று. கிளாஸ்கோவில் பிறந்த வயோலா மேதை வில்லியம் ப்ரிம்ரோஸ், பெல்ஜியத்தில் புகழ்பெற்ற வயலின் கலைஞர் இசாயியிடம் வயலின் படித்தவர். வயோலா பக்கம் அவரைத் திருப்பியவர் அந்த இசாயிதான். 1930-இல் லண்டன் ஸ்ட்ரிங் குவார்டெட் என்ற நால்வர் குழுவில் வயோலாக்காரராகச் சேர்ந்தார். ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக் சாகும்போது முடிக்காமல் விட்டுப்போன வயோலா கான்செர்ட்டோ (ஆர்க்கெஸ்ட்ராவோடு வயோலா முன்னின்று வாசிக்கும் உருப்படி), இவர் கேட்டு எழுதப்பட்டது. இவரையா தேறாதவர் என்பீர்கள்?

என் மனசுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் பீட்டர் ஷிட்லோஃப். ஆஸ்திரியாவிலிருந்து தப்பி வந்த யூதப் பையன். போர்க்காலத்தில் பிரிட்டன் அவரையும் 'எதிரி நாட்டவர்' என்று முகாமில் அடைத்தது. அந்த முகாம் நாட்களில்தான் நார்பர்ட் பிரைனின், சிக்மண்ட் நிஸ்ஸல் இருவரோடும் பழக்கம் ஏற்பட்டது. மூவருமே வயலின். குவார்டெட் என்றால் இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ (இவற்றில் பெரியது, சுருதி மிகத் தாழ்ந்தது). யாராவது ஒருவர் மாறியாக வேண்டும், ஷிட்லோஃப் மாறினார். செல்லோவுக்கு மார்ட்டின் லோவெட் வந்தார். 1947-இல் தொடங்கிய அந்த அமடியஸ் குவார்டெட் நாற்பது வருடம் அதே நால்வரோடு நடந்தது. 1987-இல் ஷிட்லோஃப் இறந்ததும் மற்ற மூவரும் வேறு வயோலாவைச் சேர்க்கவில்லை, குவார்டெட்டையே கலைத்துவிட்டார்கள். 'நடுவில் உட்கார்ந்து சும்மா நிரப்புகிறவர்' என்று வயோலாவை நினைப்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வது இதைத்தான்.

என் கதை அவ்வளவு பெரிதல்ல. படிப்பு முடித்து ஆர்க்கெஸ்ட்ராக்களில் கூடுதல் ஆளாகப் போய்க்கொண்டிருந்த காலம். வேல்ஸ் எல்லை அருகே ஒரு சின்ன ஊரில் மியூசிக் கிளப் கச்சேரி, குவார்டெட்டின் வயோலாக்காரருக்குக் காய்ச்சல், வர முடியுமா என்று போன். இசையமைப்பாளர் ஹைடன் எழுதிய உருப்படி ஒன்று, அப்புறம் செக் இசையமைப்பாளர் ஸ்மெத்தனா காது கேட்காமல் போன பிறகு 1876-இல் எழுதிய இ மைனர் குவார்டெட் உருப்படி. தெரிந்தவர்களுக்குப் புரியும்: நால்வரும் ஓங்கி ஒரு கார்டு (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் பல ஸ்வரங்கள்) அடித்த உடனே, மற்ற மூவரும் அடங்கிவிட, வயோலா தனியாக எழுந்து பாட வேண்டும். கடைசி நேரத்தில் வந்தவள் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாத உருப்படி.

ஆனால் அவர்கள் என்னைக் கவனித்தது அந்த இடத்தில் அல்ல, ஹைடனின் மெதுவான பகுதியில். நீளமாக நிற்கும் ஒரு கார்டில் காந்தாரம் (ச-ரி-க-வில் வரும் 'க') என் கையில் இருந்தது. வயோலாவுக்கு இது அடிக்கடி வரும் வேலை. பியானோவில் இருக்கும் காந்தாரத்தை அப்படியே வைத்தால் கார்டு ஒட்டாது, ஒரு நூலளவு கீழே வைக்க வேண்டும். சரியாகச் சுருதி சேர்ந்த தம்புராவில் யாரும் மீட்டாமலே ஒரு அந்தர காந்தாரம் கேட்குமே, அது எங்கே இருக்கிறதோ அங்கே. சின்ன வயதில் வருடக்கணக்கில் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்த காது, விரல் தானாகக் கீழே போனது. செல்லோக்காரர் தலை நிமிர்ந்து பார்த்தார். "அந்த இடம் இன்னொரு தடவை" என்றார். மறுபடி வாசித்தோம். கார்டு அப்படியே பூட்டிக்கொண்டது. அடுத்த மாதம் அவர்களுடைய வயோலாக்காரர் ஆசிரியர் வேலைக்கு முழுநேரமாகப் போனபோது என்னை நிரந்தரமாக அழைத்தார்கள்.

கர்நாடக இசை படித்தால் குவார்டெட்டில் இடம் நிச்சயம் என்று நான் சொல்லவில்லை. அதைக் கற்காத அருமையான வயோலாக்காரர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். என் விஷயத்தில் உதவியது, அவ்வளவே.

காசு விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கச்சேரிக்குக் கிடைக்கும் தொகை நான்காகப் பிரியும். அதற்கு முன்பே ஏஜென்ட் கமிஷன், ரயில், தங்குமிடம் எல்லாம் போய்விடும். ஒத்திகைக்கு யாரும் காசு தர மாட்டார்கள், நல்ல குவார்டெட்டுக்கு ஒத்திகைதான் வாழ்க்கை.

ரயில் என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த முதல் கச்சேரி சனிக்கிழமை இரவு முடிந்தபோது கடைசி ரயில் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை போனால் தண்டவாளத்தில் பராமரிப்பு வேலை, ரயிலுக்குப் பதில் பஸ். டிக்கெட் விலை மட்டும் ரயிலுக்குரியது, ஒரு பென்னி குறையவில்லை. பஸ் டிரைவர் வயோலாவைக் கீழே சாமான் பெட்டியில் போடச் சொன்னார். மாட்டேன் என்றேன். மடியில் வைத்துக்கொண்டு மூன்று ஊர் சுற்றி வந்து சேர்ந்தேன். புகார் எழுதினால் 'உங்கள் கருத்துக்கு நன்றி'. கடற்கரை–செங்கல்பட்டு மின்சார ரயிலைத் திட்டிக்கொண்டே வளர்ந்தவள் நான். அதன் அருமை இந்த நாட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, ஆனால் இங்கே இசைக்கலைஞர் என்றால் பாதி வாழ்க்கை இப்படித்தான் போகும்.

அந்தக் குவார்டெட் இப்போது இல்லை. இரண்டாம் வயலின்காரருக்கு ஜெர்மனியில் ஆர்க்கெஸ்ட்ரா வேலை கிடைத்தது, மாதச் சம்பளம், போகாதே என்று யார் சொல்வது? இன்னொருவரைச் சேர்த்துக் கொஞ்ச காலம் ஓட்டினோம், ஒட்டவில்லை. இப்போது எனக்கு வருமானம் பெரும்பாலும் பாடம் எடுப்பதில், அடுத்தது ஆர்க்கெஸ்ட்ரா, அதற்கும் அடுத்துத்தான் சேம்பர் மியூசிக். மனசில் வரிசை தலைகீழ்.

இதில் வயோலாவுக்கு ஒரு நன்மை உண்டு. வயலின்காரர்கள் குவிந்து கிடக்கிறார்கள், நல்ல வயோலா சட்டென்று கிடைக்காது. மோட்சார்ட்டும் பிராம்ஸும் ஐந்து பேர் வாசிக்க எழுதிய ஸ்ட்ரிங் குயின்டெட்களில் இரண்டு வயோலா. அதனால் பெயர் பெற்ற குவார்டெட்டுகூட அன்றைக்கு வெளியிலிருந்து ஒரு வயோலாவைக் கூப்பிட்டாக வேண்டும். 1787-இல் மோட்சார்ட் எழுதிய ஜி மைனர் குயின்டெட்டுக்காக மட்டும் எனக்கு வந்த அழைப்புகளை வைத்தே சில வருடங்கள் மறக்க முடியாதவை ஆயின. வயலினிலேயே நின்றிருந்தால் அந்த மேடைகளின் வாசலைக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

மாறுவது என்று முடிவானால், உடனே வாத்தியம் வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். வயலின் உடல் 14 அங்குலம் என்று நிலையான அளவு, வயோலாவுக்கு அப்படி இல்லை. அதன் சுருதிக்குக் கணக்குப் போட்டால் 20 அங்குலத்துக்கு மேல் வேண்டும், அதைத் தோளில் வைத்து வாசிக்க மனிதனால் ஆகாது. எனவே 15-லிருந்து 17 வரை ஆளுக்கொரு சமரசம். பெரிதாக இருந்தால் சத்தம் நன்றாக வரும் என்று கடையில் சொல்வார்கள், உண்மைதான், ஆனால் தோள்வலி உங்கள் மகளுக்குத்தான். என்னுடையது 16-க்குச் சற்றுக் குறைவு. வயோலாவுக்கான ஆல்டோ க்ளெஃப் என்ற ஸ்வரக்குறியீட்டு முறையைப் படிக்க ஆரம்பத்தில் தலை சுற்றும், பழகிவிடும். வயலினை விற்றுவிடாதீர்கள். பாடம் கேட்டு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வயலினுக்குத்தான் வருவார்கள், வீட்டு வாடகை அதிலிருந்துதான் போகும்.