மோட்டாருக்குப் போன் போடும் வீடு

அன்புள்ள அண்ணா,

போனிலேயே மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் உதவும் மொபைல் ஸ்டார்ட்டர் பெட்டியை வைத்திருக்கும் உங்கள் அப்பா, கிணற்று மோட்டாருக்குப் போன் போட்டு "தண்ணி எடுக்கறயா?" என்று விசாரித்ததை எழுதியிருந்தீர்கள். வீட்டில் படித்துக் காட்டினேன், அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதையே அலுவலக நண்பர்களுக்கு அனுப்பினேன், ஒருவர் "இவங்களுக்கெல்லாம் இது எதுக்கு?" என்று கேட்டார். மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. நம் பெரியவர்களை நாமே கேலிக்கு விடுகிறோமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்கள் அப்பா இன்னும் ராத்திரியில் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போகிறார். மொபைல் ஸ்டார்ட்டர் வாங்கித் தரலாமா? அவர் சமாளிப்பாரா?

ச., திருச்செங்கோடு

அன்புள்ள ச.,

முதலில் ஸ்டார்ட்டரை வாங்கிக் கொடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது பெரிய விஷயம்தான், ஆனால் மோட்டாருக்கு வேண்டிய மும்முனை மின்சாரம் முறை வைத்து வந்த காலத்தில் அது நள்ளிரவில் வந்தாலும் எழுந்து ஓடித்தான் மோட்டாரைப் போட வேண்டும். வரப்பில் புல், வாய்க்காலில் ஈரம், எதிரே என்ன கிடக்கிறதென்று தெரியாது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்தார்கள் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது, அதில் பெரும்பாலானவர்கள் கிராமத்து மக்கள். இவங்களுக்கு எதுக்கு என்று கேட்ட நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.

சிரிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் வீட்டில் இந்தப் பெட்டி வந்ததிலிருந்து சிரிப்புக்குப் பஞ்சமே இல்லை. போன் போட்டால் ஒரு பெண் குரல் "மோட்டார் இயங்குகிறது" என்று சொல்லும், அதைக் கேட்ட ஆத்தா, "இந்தப் புள்ள ராத்திரி பூரா கிணத்து மேட்டுல தனியா உக்காந்திருக்குதே, சோத்துக்கு என்ன பண்ணுது?" என்று கவலைப்பட்டார். அப்பா அந்த எண்ணைப் போனில் 'கிணறு' என்று போட்டு வைத்திருக்கிறார். கரண்ட் போனாலும் வந்தாலும் பெட்டி தானாகவே கூப்பிட்டுச் சொல்லும். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க மாமா, கெணறு கூப்புடுதுங்க, எடுங்க" என்று சொல்ல, அந்த வரிசையே சாப்பாட்டை விட்டுவிட்டுச் சிரித்தது. அப்பாவும் சிரித்தார், எச்சில் கையோடு இடது கையால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். இதில் கேலி எங்கே இருக்கிறது?

அந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள், "தண்ணி எடுக்கறயா?" என்று அவர் ஏன் கேட்டார்? பெட்டிக்குத் தெரிந்தது மின்சாரம் மட்டும்தான். மோட்டார் சுற்றும், தண்ணீர் வராது, அப்படியே ஓடவிட்டால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் கருகிப் போய்விடும். கிணற்று மேட்டில் நின்றவரைக்கும் அப்பா சத்தத்தை வைத்தே காற்று இழுக்கிறதா, தண்ணீர் ஏறுகிறதா என்று சொல்லிவிடுவார். போனில் அந்தச் சத்தம் கேட்காது, அதனால்தான் வாய்விட்டுக் கேட்டுவிட்டார். பொருத்த வந்த பையன் அப்புறம் ஒரு விஷயம் சொல்லிக் கொடுத்தான்: தண்ணீர் இல்லாமல் ஓடும் மோட்டாருக்குப் பளு குறைவு, அது இழுக்கும் மின்சாரத்தின் அளவான ஆம்பியரும் குறையும், அதைப் பார்த்துத்தான் பெட்டி மோட்டாரை நிறுத்துகிறது. அவ்வளவுதான், அப்பா பிடித்துக்கொண்டார். இப்போது தினமும் ஆம்பியரைக் கேட்டுவிட்டு, "போர்ல தண்ணி எறங்குது, மஞ்சளுக்கு மட்டும் கட்டுவோம், கரும்பு ரெண்டு நாள் பொறுக்கட்டும்" என்று முடிவு செய்கிறார். வாங்கிக் கொடுத்த எனக்கு இப்படி ஒரு உபயோகம் தோன்றவே இல்லை.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். ஆத்தா பேரில் கொஞ்சம் நிலம் இருக்கிறது, மத்திய அரசு விவசாயிகளுக்குத் தரும் பிஎம் கிசான் பணம் வருஷத்துக்கு 6000 ரூபாய், 2000 வீதம் மூன்று தவணை. அதற்கு ஆதாரை வைத்து ஆள் சரிபார்க்க வேண்டும். ஆயுசு முழுக்கக் களை வெட்டி, மஞ்சள் தோண்டின கை அது, ரேகை தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. விரலைத் துடைத்து வைத்தார், தேங்காய் எண்ணெய் தடவி வைத்தார், கருவி ஒத்துக்கொள்ளவே இல்லை. மண்ணில் வேலை செய்கிறவர்களுக்கான திட்டத்தில் மண்ணில் வேலை செய்த விரலுக்கு இடமில்லை என்றால் அதை யோசித்தவர்கள் ஒரு நாள் களத்துமேட்டுக்கு வந்திருக்கலாம். பிறகு முகத்தைக் காட்டிச் சரிபார்க்கும் வழி வந்தது, அது நல்ல மாற்றம். ஆனால் அதில் கண்ணைச் சிமிட்டச் சொல்லும். போனை நீட்டிக்கொண்டிருந்த பையன் "பாட்டி, கண்ணச் சிமிட்டுங்க" என்றதும் ஆத்தா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "பேரன் வயசு, உன்னப் பாத்து நான் எதுக்குடா கண்ணடிக்கோணும்?" என்று எழுந்துவிட்டார். கடைசியில் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, "தூசி விழுந்தா எப்படி இமைப்பே, அப்படிப் பண்ணும்மா" என்று சொல்லித்தான் வேலை முடிந்தது.

சரி, உங்கள் அப்பாவின் ஸ்டார்ட்டருக்கு வருவோம். கிணற்றுப் பக்கம் எந்த கம்பெனி சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது என்று பார்த்து சிம் போடுங்கள், ரீசார்ஜ் தேதியை நீங்கள் கவனித்துக்கொள்ளுங்கள். வீட்டு எண்களுக்கு மட்டும் வேலை செய்யும்படி பதிவு செய்யச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் இதைச் செய்யாமல் விட்டதில், அந்த சிம்மின் எண்ணை முன்பு வைத்திருந்தவரைத் தேடி யாரோ ராத்திரியில் கூப்பிட, மோட்டார் ஓடி வாழைக்கு நடுவே தண்ணீர் தேங்கிவிட்டது. ஸ்டார்ட்டரைத் தானியங்கி ('ஆட்டோ') நிலையில் போட்டிருந்தால் கரண்ட் வந்ததும் மோட்டார் தானாகவே ஓடும், ஆகவே மெயின் சுவிட்சை இறக்காமல் யாரும் அதில் கை வைக்கக் கூடாது, இதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். அப்புறம், ஆசையில் நீங்கள் அங்கிருந்தே மோட்டாரைப் போட்டுவிடாதீர்கள். மடை திருப்புகிறவர் அவர், போடுவதும் நிறுத்துவதும் அவர் கையிலேயே இருக்கட்டும்.