ஒப்படைப் புள்ளியில் 15 வித்தியாசம்

வணக்கம் தங்கச்சி. திருகோணமலை கோணேசபுரி வளாகத்தில் படிப்பிக்கும் முதல் செமஸ்டரிலேயே திருத்த 90 ஒப்படை (அசைன்மென்ட்). ஒரே ஒப்படைக்கு நீங்களும் மற்ற விரிவுரையாளரும் போட்ட புள்ளியில் 15 வரை வித்தியாசம் என்கிறீர்கள். கோளாறு புள்ளித்திட்டத்தில்தான். 'நல்ல விளக்கம் - 10' என்றால் எது நல்லது? 'நிலாவெளி விடுதிகளின் வருமானம் பருவத்தோடு மாறுவதற்கு இரண்டு காரணம் சொல்லி, ஒன்றுக்காவது உதாரணம் தருகிறார்' என்று உடைத்து எழுதுங்கள்.

அப்புறம் ஐந்து ஒப்படைகளை இருவரும் தனித்தனியே பென்சிலால் திருத்தி, பிளேன்டீயோடு உட்கார்ந்து சண்டை பிடியுங்கள். எங்கே முட்டுகிறீர்களோ, அந்த வரியைத்தான் மாற்ற வேண்டும். மிச்சத்தைக் கேள்வி கேள்வியாகத் திருத்துங்கள், பெயரை மறைத்துவிட்டு. நள்ளிரவில் வேண்டாம்; நான் அப்படித் திருத்திய ஒப்படைக் கட்டை மறுநாள் காலையில் பார்த்து வெட்கப்பட்டிருக்கிறேன். அடுத்த முறை இதே திட்டத்தை ஒப்படையோடு சேர்த்தே மாணவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.