பேர்ண் நகரத்தில எந்தக் கடுதாசியில நாங்கள் கையெழுத்து வைக்கலாம்?

தங்கச்சி, நீங்கள் கேட்டது ரெண்டு விசயம். பேர்ண் ஸ்டேஷனடியில ஒருத்தர் அட்டையோட வந்து கையெழுத்து கேட்டவர், பி பெர்மிட்டில (வெளிநாட்டு ஆக்களுக்குக் குடுக்கிற வதிவிட அனுமதி) இருக்கிற நான் வைச்சால் பிரச்சினை வருமோ எண்டது ஒண்டு. மற்றது, மகளின்ர பள்ளிக்கூட ரோட்டில கார்கள் பறக்குது, நகரத்துக்கு மனு குடுக்க எத்தினை கையெழுத்து வேணும் எண்டது. ரெண்டும் ஒண்டோட ஒண்டு தொடுபட்டது, அதால சேர்த்தே சொல்லுறன்.

முதல்ல கடுதாசியின்ர தலைப்பை வாசியுங்கோ. இனிஷியாட்டீவ் (ஒரு மாற்றத்தை மக்கள் வோட்டுக்கு விடச்சொல்லிக் கேக்கிறது) எண்டோ ரெபரெண்டும் (பாராளுமன்றம் எடுத்த முடிவை மக்கள் வோட்டுக்கு விடச்சொல்லிக் கேக்கிறது) எண்டோ இருந்தால் வைக்காதேங்கோ. அது சுவிஸ் பாஸ் (சுவிஸ் குடியுரிமை) உள்ள, வோட்டுரிமை இருக்கிற ஆக்களுக்கு. நாட்டளவில இனிஷியாட்டீவுக்கு 18 மாசத்தில 1,00,000 கையெழுத்து, ரெபரெண்டத்துக்கு 100 நாளில 50,000. பேர்ண் நகரத்துக்குள்ள எண்டால் இனிஷியாட்டீவுக்கு 6 மாசத்தில 5,000, ரெபரெண்டத்துக்கு 60 நாளில 1,500. சேர்த்ததை அப்பிடியே எண்ணுறேல்ல, ஒவ்வொரு பேரையும் வாக்காளர் பதிவில தேடிப்பாப்பினம், உங்கட பேர் அங்க இல்லாட்டி வெட்டிடுவினம். அதோட, உரிமை இல்லையெண்டு தெரிஞ்சும் வைக்கிறது குற்றவியல் சட்டத்தின்ர 282ஆம் பிரிவுக்குள்ள வரக்கூடிய விசயம், பெர்மிட்டில இருக்கிற நீங்கள் ஏன் தேவையில்லாமல் அதுக்குள்ள போவான்? கேக்கிறவருக்கு உங்களப் பாத்தால் பாஸ் இருக்கோ இல்லையோ எண்டு தெரியாது, வோட்டுரிமை இல்லை எண்டு சொன்னால் நன்றி சொல்லிப்போட்டு அடுத்த ஆளிட்ட போயிடுவினம்.

இதில எங்கட வீடுகளில நடக்கிற ஒரு பிழையையும் சொல்லவேணும். பாஸ் எடுத்த குடும்பங்களில அப்பா பேனையைத் தூக்கி அம்மாவுக்கும் பிள்ளையளுக்கும் சேர்த்து தானே எழுதிவிடுவார், நல்ல மனசோடதான், எண்டாலும் அது செல்லாது. பேரையும் அவரவர் தங்கட கையாலதான் எழுதவேணும், எழுதேலாத ஆளுக்கு மட்டும்தான் இன்னொருத்தர் எழுதிக் குடுக்கலாம். ஒரே கையெழுத்தில நாலு பேர் இருந்தால் பாக்கிற ஆளுக்கு உடன விளங்கும்.

இப்ப உங்கட ரோட்டுக்கு வருவம். பெட்டிசியோன், அதாவது அரசாங்கத்துக்குக் குடுக்கிற மனு, எண்டொரு வழி இருக்கு, அதுக்கு பாஸ் தேவையில்லை, வயசெல்லை இல்லை, இத்தினை பேர் வேணும் எண்ட கணக்கும் இல்லை, நீங்கள் ஒருத்தர் மட்டும் கையெழுத்து வைச்சு அனுப்பினாலும் அது பெட்டிசியோன்தான். அரசியலமைப்பின்ர 33ஆவது பிரிவு, மனு குடுத்ததுக்காக ஒருத்தருக்கும் கெடுதல் வரக்கூடாது எண்டு எழுதி வைச்சிருக்கு, அதால பெர்மிட்டை நினைச்சுப் பயப்பிடாதேங்கோ. நாட்டுச் சட்டப்படி அதைப் பாக்கத்தான் வேணும், பதில் போடவேணும் எண்டில்லை, ஆனா பேர்ண் கன்டோன் (மாநிலம்) சட்டம் ஒரு வருசத்துக்குள்ள பதில் சொல்லவேணும் எண்டு கட்டாயப்படுத்துது.

ஆனாலும் என்னைக் கேட்டால் நீங்கள் மற்ற வழியால போங்கோ எண்டுதான் சொல்லுவன். பேர்ண் நகரத்தில பார்ட்டிசிபாட்சியோன்ஸ்மோட்சியோன் எண்டு ஒண்டு இருக்கு, 2015ல நகரத்து ஆக்கள் வோட்டுப்போட்டு ஏற்றுக்கொண்டது, வெளிநாட்டு ஆக்களுக்கெண்டே வைச்சது. 18 வயசு முடிஞ்சு, நகரத்தில மூண்டு மாசமாவது இருந்த வெளிநாட்டுக்காரர் 200 பேர் கையெழுத்து வைச்சால், ஸ்டாட்ராட்டில இருக்கிற 80 உறுப்பினரில ஒருத்தர் மோட்சியோன் (நகரம் இதைச் செய்யவேணும் எண்டு கேக்கிற பிரேரணை) கொண்டுவந்த மாதிரியே அதை எடுத்துக் கதைக்கவேணும். (சூரிச்சில ஸ்டாட்ராட் எண்டால் ஆளுற ஒன்பது பேர், பேர்ணில அதுதான் நகர பாராளுமன்றம், சூரிச்சில இருக்கிற சொந்தக்காரரிட்ட கேட்டுக் குழம்பாதேங்கோ.) வோட்டுப் போடேலாத எங்களுக்கு இவ்வளவு கிட்ட ஒரு கதவு திறந்திருக்கிறது பெரிய விசயம், எங்கட ஆக்களில கனபேருக்கு இது தெரியாது எண்டதுதான் எனக்குக் கவலை.

சேர்க்கப்போகேக்க கவனிக்கிறதுக்கு ஒண்டு. ஒய்ரோப்பாபிளாட்ஸில சமயங்களின் இல்லத்துக் கோயிலடியில நிண்டால் ஒரு வெள்ளிக்கிழமையிலயே நிறையப்பேர் வைப்பினம் எண்டு நினைப்பீங்கள், நாங்களும் ஒருக்கா ஒரு கையெழுத்து வேலைக்கு அப்பிடித்தான் நிண்டனாங்கள், பேந்து வீட்டில இருந்து பாத்தால் நாலில ஒண்டு செல்லாது. கோயிலுக்கு வாற ஆக்களில கனபேர் கூனிட்ஸ், ஒஸ்டர்முண்டிகன் எண்டு பக்கத்தில இருக்கிறவை, கொஞ்ச நேரப் பயணம்தான், எண்டாலும் வேற கெமைண்டே (உள்ளூராட்சி). உங்கட மோட்சியோனுக்கு சுவிஸ் பாஸ் எடுத்த அண்ணாமாரும் கணக்கில வராயினம், இதில அவையளுக்குத்தான் இடமில்லை, பாஸ் இருக்கோ எண்டு கேட்டு வாங்குங்கோ. அதால 200 எண்டால் 260, 270 சேர்த்துக்கொண்டு போறதுதான் புத்தி. தமிழாக்களோட மட்டும் நிக்காமல் பள்ளிக்கூட வாசலில எரித்திரியா, போர்த்துக்கல், அல்பேனியத் தாய்மாரிட்டயும் போங்கோ, அவையின்ர பிள்ளையளும் அதே ரோட்டாலதான் போகுது.

மோட்சியோனில ஒரே ஒரு விசயம் கேளுங்கோ, அந்த ரோட்டுக்கு தெம்போ 30 (மணிக்கு 30 கிலோமீட்டர் வேக எல்லை). லைட், பஸ், பார்க் எல்லாம் சேர்த்து எழுதினால் வாசிக்கிறவைக்கு எதைப் பிடிக்கிறது எண்டு தெரியாது. டொச்சில (ஜெர்மன் மொழியில) எழுதவேணும். சேர்க்க வெளிக்கிடமுதல் ஸ்டாட்கன்ஸ்லைக்கு (நகரச் செயலகம்) ஒருக்கா போய் கடுதாசி அமைப்பு சரியோ எண்டு காட்டிக் கேளுங்கோ, 200 பேரிட்ட வாங்கின பிறகு தலைப்புப் பிழை எண்டால் திரும்பவும் எல்லாரிட்டயும் போகவேணும். எழுதினதை இஞ்ச போடுங்கோ தங்கச்சி, டொச் நான் பாத்துத் திருத்தித் தாறன்.