மகள் ஒரு வகுப்பைக் குறைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் கிரீன் கார்டில் இருக்கிறோம். மகள் சமுதாயக் கல்லூரியில் முதல் வருடம். முழுநேர மாணவி என்பதால் கட்டணம் இலவசம். போன வருடம் எனக்கு வேலை போய்விட்டது. 2025-26க்கு ஃபாஃப்சா (அரசுக் கல்வி நிதியுதவி விண்ணப்பம்) நிரப்பியும், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசு தரும் பெல் கிராண்ட் உதவித்தொகை கிடைக்கவில்லை. புத்தகம், பெட்ரோல் செலவைச் சமாளிக்க, அடுத்த செமஸ்டரில் ஒரு வகுப்பை விட்டு, 12 யூனிட் பாடச்சுமையை 9 ஆகக் குறைத்துக்கொண்டு கடையில் கூடுதல் நேரம் வேலை பார்க்கிறேன் என்கிறாள். சம்மதிக்கலாமா?

பதில்: அவசரப்பட்டுச் சம்மதிக்காதீர்கள். அந்த இலவசம் முழுநேரப் படிப்புக்குத்தான், அதாவது குறைந்தது 12 யூனிட். 9க்கு இறங்கினால் யூனிட்டுக்கு 46 டாலர் வீதம் 414 டாலர் கட்ட வேண்டிவரலாம். அப்படியானால் கடையில் சம்பாதிப்பதில் ஒரு பகுதி அதற்கே போய்விடும், படிப்பும் நீளும்.

உங்கள் கேள்வியில் என் கண்ணில் பட்டது வேறு. 2025-26 ஃபாஃப்சா பார்ப்பது 2023 வருமானத்தை. அப்போது நீங்கள் வேலையில் இருந்தீர்கள். பெல் மறுக்கப்பட்டதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்குப் போய், வருமானம் குறைந்துவிட்டது, மறுபரிசீலனை செய்யுங்கள் என்று கேளுங்கள். வேலை நீக்கக் கடிதம், வேலையில்லாக் கால உதவித்தொகை விவரம், கடைசிச் சம்பளச் சீட்டு எல்லாம் கையில் இருக்கட்டும். விண்ணப்பத்தில் உள்ள எண்ணை மாற்ற அவர்களுக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டு. இதைக் கேட்கக் கூச்சப்பட்டே நம் குடும்பங்கள் பல சும்மா இருந்துவிடுகின்றன. தயவுசெய்து நீங்கள் அப்படி இருக்காதீர்கள்.

2025-26க்கு பெல் அதிகபட்சம் 7,395 டாலர். கட்டணம் ஏற்கெனவே தள்ளுபடி என்பதால், கிடைக்கும் தொகை பெரும்பாலும் புத்தகத்துக்கும் போக்குவரத்துக்கும் மகள் கைக்கே வரும். ஆனால் பெல் யூனிட் கணக்கைப் பொறுத்தது. 9 யூனிட் எடுத்தால் முக்கால் பங்குதான். அப்புறம், செமஸ்டர் நடுவில் எல்லா வகுப்பையும் விட்டுவிட்டால் வாங்கியதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்டச் சொல்லலாம். இதை அவளிடம் முன்னாடியே சொல்லிவையுங்கள்.

அதே அலுவலகத்தில் வொர்க்-ஸ்டடி (நிதியுதவியின் பகுதியாக மாணவர்களுக்குத் தரும் பகுதிநேர வேலை) இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். வளாகத்துக்குள்ளேயே, வகுப்பு நேரத்துக்கு ஏற்ற வேலை கிடைத்தால் பெட்ரோலும் மிச்சம். புத்தகத்துக்கு, வகுப்புப் பட்டியலில் 'பாடநூல் செலவு இல்லை' என்ற குறி உள்ள பிரிவுகளை அவள் முதலில் பார்க்கட்டும்.

மறுபரிசீலனைக்குச் சில வாரங்கள் ஆகலாம். இந்த வாரமே போய்விடுங்கள். முடிவு தெரியும்வரை அவள் 12 யூனிட்டிலேயே இருக்கட்டும்.