ஏழாயிரத்து ஐந்நூறு பவுண்டுக்கு ஒரு போர்ஷே: வாங்கலாமா, விடலாமா?

கேள்வி: நான் லண்டன் ஹாரோவில் வசிக்கிறேன். 2002இல் பதிவான போர்ஷே பாக்ஸ்டர் எஸ் ஒன்று தனியார் ஒருவரிடம் 7,500 பவுண்டுக்கு விற்பனைக்கு இருக்கிறது; 58,000 மைல்தான் ஓடியிருக்கிறது. ஆண்டுக்கு ஐயாயிரம் மைலுக்கு மேல் ஓட்ட மாட்டேன். புதிய சிறிய கார் ஒன்றின் விலையில் பாதிகூட இல்லையே என்று ஆசைப்படுகிறேன். "ஐ.எம்.எஸ். பேரிங் உடைந்தால் எஞ்சினே போய்விடும்" என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: இந்தக் கார் புதிதாக வந்தபோது விற்ற விலையில் ஒரு சிறு பங்குக்கு இன்று கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதன் கிளட்ச்சும் ரேடியேட்டரும் டயரும் அப்படி மலிந்துவிடவில்லை. அவற்றை மாட்டித் தரும் மெக்கானிக்கின் மணிக்கூலியோ ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஆகவே உங்கள் கையில் 7,500 பவுண்டு மட்டுமே இருக்குமானால் இந்தக் காரை மறந்துவிடுங்கள். அதைக் கொடுத்த பிறகும் இன்னொரு 3,000 பவுண்டு வங்கியில் நிற்கும் என்றால் மட்டும் மேற்கொண்டு படியுங்கள்.

நண்பர்கள் சொல்வது கட்டுக்கதை அல்ல. இந்த எஞ்சினில் கிராங்க் ஷாஃப்டின் சுழற்சியைச் சங்கிலிகள் வழியாக கேம் ஷாஃப்டுகளுக்குக் கொண்டுசேர்க்க நடுவில் ஓர் இடைத்தண்டு இருக்கிறது; ஐ.எம்.எஸ். என்பது இதுதான். அதன் ஒரு முனையைத் தாங்குவது, உள்ளேயே கிரீஸ் அடைத்து மூடப்பட்ட ஒரு பந்துப் பேரிங். ஆண்டுகள் போகப் போக அதன் மூடி இறுகி, எஞ்சின் ஆயில் உள்ளே கசிந்து கிரீஸைக் கழுவிவிடுகிறது. பேரிங் தேய்ந்து உடைந்தால் தண்டு ஆட்டம் காண, சங்கிலி தாவ, வால்வுகள் பிஸ்டனில் மோதுகின்றன. அதன் பிறகு செய்ய வேண்டிய எஞ்சின் வேலைக்கான செலவு காரின் விலையையே விழுங்கிவிடும். தொடக்க கால எஞ்சின்களில் இரட்டை வரிசைப் பேரிங் இருந்தது; 2000, 2001ஆம் ஆண்டுகளை ஒட்டி ஒற்றை வரிசைக்கு மாறினார்கள், அதுதான் அதிகம் பழுதானது. அமெரிக்காவில் இதற்காகத் தொடரப்பட்ட கூட்டு வழக்கு 2013இல் சமரசத்தில் முடிந்தது. உங்கள் 2002 கார் அந்த ஒற்றை வரிசைக் காலத்தைச் சேர்ந்தது. ஆயினும் அந்த வரிசையிலும் பேரிங் உடைந்த கார்கள் சிறுபான்மைதான். பெரும்பாலானவை இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

விற்பவரிடம் கேட்க வேண்டியது, "பேரிங்கும் கிளட்ச்சும் மாற்றிய பில் இருக்கிறதா?" என்பது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பேரிங்கை எட்ட கியர்பாக்ஸைக் கழற்றியாக வேண்டும். கிளட்ச் மாற்றவும் அதே வேலைதான். அதே இடத்தில் எஞ்சினின் பின்புற ஆயில் சீலும் இருப்பதால் மூன்றையும் ஒரே கையோடு முடித்துவிடுவார்கள். போர்ஷேயில் கைதேர்ந்த ஒரு தனியார் கராஜில் இது 2,000 பவுண்டை ஒட்டி வரலாம். பில் இல்லையென்றால் அந்தத் தொகையை விலையிலிருந்து கழித்துக் கேளுங்கள். "அதெல்லாம் மாற்றியாகிவிட்டது" என்ற வாய்ச்சொல்லுக்கு ஒரு பவுண்டுகூட மதிப்பில்லை.

58,000 மைல் என்பதைக் கண்டு மகிழ்ந்துவிட வேண்டாம். காரின் ஆண்டுத் தகுதிச் சோதனையான எம்.ஓ.டி.யின் வரலாற்றை அரசாங்க இணையதளத்தில் வண்டி எண்ணை இட்டு இலவசமாகப் பார்க்கலாம். ஆண்டுக்கு இருநூறு முந்நூறு மைல் மட்டும் ஓடி, ஆயிலும் மாற்றப்படாமல் கராஜில் உறங்கிய காரைவிட, ஒழுங்காக சர்வீஸ் செய்து ஒரு லட்சம் மைல் ஓடிய காரையே நான் எடுப்பேன். ஒரே குறை மூன்று ஆண்டுகளாகத் தொடர்ந்து குறிக்கப்பட்டிருந்தால் அது காரைப் பற்றி மட்டுமல்ல, வைத்திருந்தவரைப் பற்றியும் சொல்கிறது.

காரைப் பார்க்கப் போகும்போது ஒரு டார்ச் கொண்டுபோங்கள். முன் பம்பரின் காற்றுத் துவாரங்களுக்குள் ஒளி பாய்ச்சிப் பார்த்தால், ஏசி கண்டென்சர்களின் மேல் பல இலையுதிர் காலங்களின் சருகு மக்கிக் கிடப்பதைக் காணலாம். அந்த ஈரம்தான் அவற்றையும் பின்னாலுள்ள ரேடியேட்டர்களையும் அரிக்கிறது. எஸ் மாடலில் நடுவில் மூன்றாவதாக ஒரு ரேடியேட்டரும் உண்டு. பிறகு பின்புற டிக்கியின் விரிப்பைத் தூக்குங்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் திரவத்தின் தொட்டி அந்தப் பக்கம்தான் இருக்கிறது. பிளாஸ்டிக் தொட்டியாதலால் முதுமையில் வெடிப்பு விடும். நான் வைத்திருந்த பாக்ஸ்டரில் அதைக் கண்டுபிடித்தது என் மூக்குதான்: டிக்கியில் வைத்த அரிசி மூட்டையின் அடி பிசுபிசுத்து, இனிப்பு வாடை வீசியது. அடுத்து இருக்கைகளின் கீழ்க் கம்பளத்தை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். மடக்குக் கூரையின் நீர் வடியும் துளைகள் அடைபட்டால் மழைநீர் உள்ளே இறங்கும். இருக்கைக்கு அடியில் இருக்கும், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் பெட்டி நனைந்தால் கார் ஸ்டார்ட் ஆகாது.

இதில் தேறினால், ஒரு போர்ஷே மெக்கானிக்குக்குச் சில நூறு பவுண்டு கொடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். ஆயில் ஃபில்டரை வெளியே எடுத்து, தாள் மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்க்கும்படி குறிப்பாகக் கேளுங்கள். மடிப்புகளுக்குள் மினுக்கும் எஃகுத் துகள்களோ, பேரிங் மூடியின் கறுப்புத் துணுக்குகளோ தென்பட்டால் அந்தக் காரை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள். பரிசோதனைக்கு மறுக்கும் விற்பனையாளரிடமும் அப்படியே.

இனி ஆண்டுச் செலவு. ஐயாயிரம் மைலுக்கு, கேலனுக்கு 25 மைல் கிடைக்கும் என்று கொண்டால், ஏறத்தாழ 910 லிட்டர் சூப்பர் பெட்ரோல் தேவை, லிட்டர் 1.50 பவுண்டு என்றாலும் 1,360 பவுண்டு ஆகிறது. நகரத்துக்குள்ளேயே ஓட்டினால் இன்னும் கூடும். சாலை வரி 400 பவுண்டைத் தாண்டும். ஆயில் மாற்றும்போது எஞ்சினுக்கு எட்டு லிட்டருக்கு மேல் ஊற்ற வேண்டும் என்பதால் சாதாரண சர்வீஸே பிற கார்களைவிடக் கனமான பில்லாக வரும். முன் டயரும் பின் டயரும் வெவ்வேறு அளவு. இடம் மாற்றிப் போட்டு ஆயுளை நீட்ட வழியில்லை. பெரிய பழுது எதுவும் வராத ஆண்டில்கூட, காப்புறுதி நீங்கலாக, நானாக இருந்தால் 3,500 பவுண்டு எடுத்துவைப்பேன். ஹாரோ 2023 ஆகஸ்ட் 29 முதல், அதிகம் புகை கக்கும் வண்டிகளுக்குக் கட்டணம் விதிக்கும் யூலெஸ் எல்லைக்குள் வந்துவிட்டது. இந்த வயதுக் கார்களில் சில அந்த விதிக்குள் அடங்கும், சில அடங்கா. அடங்காவிட்டால் வெளியே எடுக்கும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. லண்டன் போக்குவரத்துத் துறையின் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

தேடும்போது இதற்கு அடுத்து வந்த 987 மாடலும் கண்ணில் படும். அதில் ஒரு வரிக் கண்ணி இருக்கிறது. 2006 மார்ச் 23க்கு முன் பதிவான கார்களுக்கு, எவ்வளவு புகை கக்கினாலும், சாலை வரி கே என்ற பிரிவோடு, அதாவது மேலே சொன்ன 400 சொச்சத்தோடு, நின்றுவிடும். அன்றோ அதன் பிறகோ பதிவான 987 எஸ் கார்களில் பலவற்றுக்கு அதற்கும் மேற்பட்ட பிரிவு, அதாவது ஆண்டுக்கு 700 பவுண்டுக்கு மேல். இரண்டும் ஒரே கார், பதிவுத் தேதிதான் வேறு.

வேலைக்குப் போக இன்னொரு வாகனம் வீட்டில் இருக்குமானால் வாங்கலாம். இதுவே ஒரே கார் என்றால் என் பதில், வேண்டாம்.

கேள்வி: மூன்று வாரங்களுக்கு முன் ஒரு கார் வணிகரிடம் 1999 பாக்ஸ்டர் வாங்கினேன். காலையில் ஸ்டார்ட் செய்தால் தெருவே மறையும்படி வெண்புகை. ஐந்து நிமிடம் ஆகியும் நிற்பதில்லை. "பழைய கார், பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்கிறார் வணிகர். பில்லிலும் "பார்த்த நிலையிலேயே விற்கப்பட்டது" என்று எழுதியிருக்கிறது.

பதில்: படுக்கை நிலையில் சிலிண்டர்கள் அமைந்த எஞ்சின் என்பதால் நின்றிருக்கும்போது சிறிது ஆயில் உள்ளே கசியும், சில வினாடிப் புகை இயல்பானது. ஐந்து நிமிடம் இயல்பல்ல. பெரும்பாலும் ஆயில் ஆவியைப் பிரிக்கும் கலத்தின் சவ்வு கிழிந்திருக்கும். பாகம் மலிவு, அதை எட்டும் கூலிதான் செலவு. ஆனால் அதற்கு முன் உங்கள் உரிமை.

2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வணிகர் விற்கும் பழைய காரும் அதன் வயதுக்கும் விலைக்கும் ஏற்ற தரத்தில் இருக்க வேண்டும். பில்லில் எழுதிய அந்த வாசகம் இந்த உரிமையைப் பறிக்க முடியாது. வாங்கிய 30 நாளுக்குள் காரைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். குறை ஒப்படைக்கும்போதே இருந்தது என்று காட்ட வேண்டிய பொறுப்பு இந்தக் கட்டத்தில் உங்களுடையது. ஆகவே இன்றே வேறொரு கராஜில் எழுத்துமூல அறிக்கை வாங்கி, காரை ஓட்டுவதை நிறுத்தி, மின்னஞ்சலில் நிராகரிப்பைத் தெரிவியுங்கள். தொலைபேசியில் பேசியதோடு விட்டுவிடாதீர்கள். பழுது பார்த்துத் தரச் சொல்லி நீங்கள் காரை ஒப்படைத்தால், அது அவர்களிடம் இருக்கும் நாட்கள் 30 நாள் கணக்கில் சேராது. 30 நாள் கடந்துவிட்டால் முதலில் ஒருமுறை பழுது நீக்க வாய்ப்புக் கொடுக்க வேண்டியிருக்கும். கிரெடிட் கார்டில் முன்பணம் மட்டும் கட்டியிருந்தாலும், 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி வங்கியிடமும் முறையிடலாம். ஹாரோ வாசகர் கவனிக்க: தனியாரிடம் வாங்கினால் இந்த 30 நாள் பாதுகாப்பு கிடையாது.

கேள்வி: ஜப்பானிலிருந்து இறக்கிய 1993 யூனோஸ் ரோட்ஸ்டர் பரவாயில்லையா?

பதில்: செலவை நினைத்துப் பார்த்தால் மிகவும் பரவாயில்லை. அது மஸ்தா எம்.எக்ஸ்.-5தான், ஜப்பானில் யூனோஸ் என்ற பெயரில் விற்றார்கள். எளிய நான்கு சிலிண்டர் எஞ்சின், சிறிய டயர், மலிந்த பாகங்கள். எஞ்சினைவிடத் துருவைப் பாருங்கள்: பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால், கதவுக்குக் கீழுள்ள பகுதியை விரலால் தட்டிப் பார்த்தால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், புட்டி பூசியது மந்தமாக ஒலிக்கும். எம்.ஓ.டி. வரலாறு கார் இங்கு வந்த பிறகுதான் தொடங்கும் என்பதால் ஜப்பானிய ஏல விற்பனைத் தாளைக் கேட்டு வாங்குங்கள். மீட்டர் காட்டும் எண் கிலோமீட்டரா மைலா என்பதும் அதை வைத்துத்தான் தெரியவரும். காப்புறுதி எடுக்கும்போது இறக்குமதிக் கார் என்பதை மறக்காமல் சொல்லிவிடுங்கள்.