சீனர் கொடுத்த ஜேட் சிள்வண்டு: வீட்டில் வைத்திருக்கலாமா?

கேள்வி: என் தாத்தா பினாங்கில் ஒரு சீனரின் மளிகைக் கடையில் கணக்கு எழுதியவர். வேலையை விட்டு நின்றபோது முதலாளி கொடுத்த பச்சைக் கல் சிள்வண்டு ஒன்று எங்களிடம் இருக்கிறது. பெருவிரல் நீளம். தலைப்பக்கம் துளையிட்டுச் சிவப்புக் கயிறு கோத்திருக்கிறது. அது பிணத்தின் வாயில் வைப்பது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அம்மா வீட்டில் வைக்கவே கூடாது என்கிறார். இது அவ்வளவு பழைய பொருள்தானா?

பதில்: முதலில் அந்தத் துளையை அம்மாவிடம் காட்டுங்கள். அவருடைய பயத்துக்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

ஹான் வம்சக் காலத்தில் (கி.மு. 206 – கி.பி. 220) இறந்தவரின் நாக்கின் மேல் ஜேட் சிள்வண்டு வைத்தது உண்மைதான். சிள்வண்டின் குஞ்சு ஆண்டுக்கணக்கில் மண்ணுக்குள் கிடக்கும். பிறகு மேலே ஏறி வந்து, தோலை உரித்துவிட்டுப் பறந்துபோகும். மண்ணுக்குள் போகும் மனிதரும் அப்படி மீண்டு வரட்டும் என்ற ஆசையில் வைத்தார்கள். கையில் செல்வத்துக்கு அடையாளமாக ஜேட் பன்றி கொடுப்பார்கள். ஜேட் உடலை அழியாமல் காக்கும் என்றும் நம்பினார்கள். கி.மு. 113இல் இறந்த இளவரசர் லியூ ஷெங்குக்கு 2,498 ஜேட் துண்டுகளைத் தங்கக் கம்பியால் கோத்து உடல் முழுக்கக் கவசமே போட்டிருந்தார்கள். 1968இல் ஹெபேய் மாகாணத்தில் கல்லறையைத் திறந்தபோது கவசம் இருந்தது, உடல் மண்ணாகிப் போயிருந்தது.

ஆனால் வாயில் வைக்கும் சிள்வண்டைக் கயிற்றில் கோக்க வேண்டியதில்லை. அதனால் பொதுவாக அதில் துளை இருக்காது. துளையிட்டது உயிரோடிருப்பவர்கள் அணிந்தது. சிள்வண்டு பனித்துளியை மட்டுமே குடித்து வாழும் தூய உயிர் என்று சீனர்கள் நினைத்தார்கள். அரசவை அதிகாரிகளின் தொப்பியில்கூட அதன் உருவம் இருந்தது. வாய் திறந்த ஒரே முறையில் ஊரையே வியக்க வைப்பது என்றொரு சீனப் பழமொழியோடு சேர்த்து, இன்று பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கும் இதை வாங்கித் தருகிறார்கள். முதலாளி உங்கள் தாத்தாவுக்குக் கொடுத்தது வாழ்த்துதான். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

பிற்காலத்தில், குறிப்பாக மிங், சிங் வம்சக் காலங்களில் (1368 – 1912), விலங்கு உருவங்களின் அர்த்தம் பெரும்பாலும் அவற்றின் பெயர் ஒலியிலிருந்து வந்தது. வௌவாலுக்கும் நற்பேற்றுக்கும் சீனத்தில் ஒரே ஒலி, ‘ஃபூ’. மீனுக்கும் மிகுதிக்கும் ‘யூ’. நம் காதுக்கு எட்டாத இந்தச் சிலேடை புரியாமல், வௌவால் சிற்பத்தைத் துர்ச்சகுனம் என்று விற்றுவிட்டவர்களும் உண்டு.

இனி வயது. ஜேட் என்று நாம் சொல்வது இரண்டு வெவ்வேறு கற்கள். பழஞ்சீனர் செதுக்கியது நெஃப்ரைட். வெள்ளை, சாம்பல் கலந்த பச்சை, கீரைப் பச்சை நிறங்களில் வரும். பளிச்சென்ற மரகதப் பச்சை ஜேடைட், பர்மாவிலிருந்து சீனாவுக்குப் பெருமளவில் வரத் தொடங்கியதே 18ஆம் நூற்றாண்டில்தான். உங்களுடையது ஜேடைட் என்றால் ஹான் காலப் பேச்சை அதோடு விட்டுவிடலாம்.

எந்தக் கல் என்பதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். கயிற்றைக் கழற்றிவிட்டு, நகை நிறுக்கும் சிறு மின்தராசில் கல்லை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசின் மேல் தண்ணீர்க் கோப்பையை வைத்து எண்ணைப் பூச்சியமாக்குங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுக்க மூழ்கும்படி பிடியுங்கள். அப்போது தெரியும் எண்ணால் முதல் எடையை வகுங்கள். முதலில் 30 கிராம், தண்ணீரில் 10.1 என்றால் விடை 2.97. அது நெஃப்ரைட்டுக்குப் பொருந்தும். 3.3 அருகில் வந்தால் ஜேடைட். 2.6 என்றால் செர்ப்பென்டைன், குவார்ட்ஸ் போன்ற வேறு கல்லாகவோ கண்ணாடியாகவோ இருக்கலாம். சூடான ஊசி, அமிலம், கத்திக் கீறல் என்று யார் சொன்னாலும் செய்யாதீர்கள். பழைய பொருளாக இருந்தால் அந்தக் கீறலை யாராலும் திரும்ப எடுக்க முடியாது.

நெஃப்ரைட் என்று வந்தாலும் பழையது என்று ஆகிவிடாது. பழங்கால உருவங்களைப் பார்த்துச் செய்யும் வழக்கம் சோங் வம்சக் காலத்திலிருந்தே (கி.பி. 960 – 1279) இருக்கிறது. பழுப்புக் கறையைச் சாயத்தாலும் நெருப்பாலும் ஏற்றுகிறார்கள். கறையை நம்பாமல் கோடுகளைப் பாருங்கள். ஜேட் உளியால் வெட்ட முடியாத கல். மணலை வைத்துத் தேய்த்துத் தேய்த்தே வடித்தார்கள். ஹான் சிள்வண்டில் கண், இறக்கை எல்லாம் தயக்கமில்லாத சில நேர்கோடுகள்தான். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் கோடு ஒரே அகலத்தில், அதிர்ந்த தடங்களோடு தெரிந்தால் மின்கருவி வேலை என்று சந்தேகப்படலாம். ரத்தினப் பரிசோதனைக் கூடம் கல் இன்னதென்று சொல்லும், செதுக்கிய காலத்தைச் சொல்லாது. அதற்குச் சீனக் கலை அறிந்த அருங்காட்சியகத்தாரிடம்தான் கேட்க வேண்டும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், சென்ற ஓரிரு நூற்றாண்டுகளில் செய்த அணிகலன் என்றே எண்ணுகிறேன்.

வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் துடைத்து, புதுக் கயிற்றில் கோத்து அணியுங்கள். பழைய சிவப்புக் கயிற்றை எறிந்துவிடாதீர்கள். ஓர் உறையில் போட்டு, கொடுத்தவர் பெயர், கடை இருந்த தெரு, தாத்தா வேலையை விட்ட ஆண்டு ஆகியவற்றை அம்மாவைக் கேட்டு அதன் மேல் எழுதி வையுங்கள்.