அந்தப் படத்தைச் சுவரில் மாட்டலாமா?

கேள்வி: நாங்கள் பந்தலூர் பக்கம் சேரம்பாடிக்காரர்கள். தாத்தா, பாட்டி எல்லாரும் சிலோனிலிருந்து திரும்பி வந்து டேன்டீயில் (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) வேலை பார்த்தவர்கள். இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த 1983 ஜூலைக் கலவரத்தின் நினைவுநாளுக்குப் படிப்பகத்தில் படக் கண்காட்சி வைக்க முடிவு செய்து, வாட்ஸ்அப்பில் வந்த படங்களைச் சேர்த்தோம். ராணுவத்தினர் காலடியில் உடல்கள் வரிசையாகக் கிடக்கும் படம் ஒன்று, ‘முள்ளிவாய்க்கால் 2009’ என்ற குறிப்போடு வந்தது. அது வேறு நாட்டுப் படம் என்று ஒருவர் சண்டை போடுகிறார். ‘எந்தப் படமானால் என்ன, நடந்தது உண்மைதானே’ என்கிறார் இன்னொருவர். பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸும் வைக்கலாம் என்கிறார்கள். எதை வைப்பது, எதை விடுவது? வழக்கு வருமா?

பதில்: ‘எந்தப் படமானால் என்ன’ என்கிறவருக்கு முதலில் ஒரு பழைய கதை. 2004 மே மாதம் லண்டனின் டெய்லி மிரர் நாளிதழ், ஈராக்கில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஒரு கைதியைக் கொடுமைப்படுத்தும் படங்கள் என்று சிலவற்றை வெளியிட்டது. அதில் தெரிந்த லாரி ரகம் ஈராக்குக்கே போகவில்லை என்று ராணுவம் காட்டியது. படங்கள் ஜோடிக்கப்பட்டவை என்று ஆகி, பத்திரிகை மன்னிப்புக் கேட்டது, ஆசிரியர் வேலை போனது. ஆனால் 2003 செப்டம்பரிலேயே பாஸ்ராவில் பஹா மூசா என்ற ஹோட்டல் ஊழியர் பிரிட்டிஷ் ராணுவக் காவலில் அடிபட்டுச் செத்திருந்தார். உடலில் 93 காயங்கள். அந்தக் கொடுமை நிஜம், பின்னால் பொது விசாரணையே நடந்தது. இருந்தும் அந்த மே மாதம் ஊரெல்லாம் பேசியது லாரியைப் பற்றித்தான். உங்கள் சுவரில் ஒரு படம் தப்பாக இருந்தால், பக்கத்தில் மாட்டிய நிஜப் படங்களுக்கும் அதே கதிதான்.

இப்போது உங்கள் படம். ‘பொய்ப் படம்’ என்று சண்டை வந்தால் இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். படத்தில் கை வைத்திருக்கிறார்களா? கீழே எழுதிய ஊரும் வருஷமும் சரியா? நான் பார்த்த வரையில் தகராறு பெரும்பாலும் இரண்டாவதில்தான். 2018இல் மியான்மர் ராணுவம் வெளியிட்ட ஒரு புத்தகத்தில், 1940களில் ரோஹிங்கியாக்கள் செய்த கொலை என்று ஒரு படம் போட்டிருந்தார்கள். அது 1971 டாக்கா படுகொலையின்போது எடுத்த படம் என்று ராய்ட்டர்ஸ் கண்டுபிடித்தது. ராணுவமே மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. படம் நிஜம், பிணங்கள் நிஜம், குறிப்பு மட்டும் பொய்.

அதனால் முதல் வேலை, அந்தப் படம் இணையத்தில் முதன்முதலாக எப்போது தென்பட்டது என்று பார்ப்பது. கூகுள் லென்ஸ், டின்ஐ, யாண்டெக்ஸ் மூன்றிலும் போட்டுத் தேடுங்கள். ஒன்றில் சிக்காதது இன்னொன்றில் சிக்கும். 2009 மே மாதத்துக்கு முன்பே எங்காவது வந்திருந்தால் விஷயம் முடிந்தது. எதுவுமே கிடைக்கவில்லை என்றால் படம் நிஜம் என்று அர்த்தமில்லை, தேடல் முடியவில்லை, அவ்வளவுதான். அப்புறம் பின்னணியைப் பாருங்கள். முள்ளிவாய்க்கால் நந்திக்கடலுக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல் திட்டு. பனையும் வடலியும் தெரிய வேண்டிய இடத்தில் மலைச்சரிவு தெரிந்தால், மலையிலேயே பிறந்து வளர்ந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சீருடையின் புள்ளி வடிவம், வண்டி நம்பர் பலகை, பெயர்ப்பலகையின் எழுத்து, இவையும் பேசும். வன்னியிலிருந்து வந்த யாரிடமாவது கேட்கப் போகிறீர்கள் என்றால், உடல்களை மறைத்துவிட்டுப் பின்னணியை மட்டும் காட்டுங்கள். அவர்கள் வீட்டு ஆள் அதில் கிடக்கலாம்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது, எடுத்த தேதி, இடம் போன்ற தகவல்கள் கழன்றுவிடும். அனுப்பியவரிடம் மூலக் கோப்பு இருந்தால் ‘டாக்குமென்ட்’டாக அனுப்பச் சொல்லுங்கள். அவருக்கு யார் அனுப்பினார், அவருக்கு யார் என்று பின்னோக்கிப் போங்கள். ஏ.ஐ. படமா என்று கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் செயலிகளை, பத்துக் கை மாறி நசுங்கி வந்த படத்தில் ஓட்டிப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

ஒரு அரசு ‘போலி’ என்று சொல்லிவிட்டால் படம் போலியாகிவிடாது. 2009 ஆகஸ்டில் பிரிட்டனின் சேனல் 4, நிர்வாணமாகக் கட்டப்பட்டவர்களைச் சுட்டுக் கொல்லும் ஒரு வீடியோவை ஒளிபரப்பியது. இலங்கை அரசு போலி என்றது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் மூன்று நிபுணர்களிடம் அதைக் கொடுத்தார். பிணக்கூறு நிபுணர், வீடியோ நிபுணர், துப்பாக்கி நிபுணர். துப்பாக்கி பின்னுக்கு உதைப்பது முதல் உடல்கள் சாயும் விதம் வரை பார்த்து, நிஜம் என்றே தெரிகிறது என்றார்கள். 2010 ஜனவரியில் அது வெளிவந்தது. எனக்கு அந்த அறிக்கையில் பிடித்தது, விளக்க முடியாதவற்றையும் சொன்னதுதான்: கோப்பில் 2009 ஜூலை 17 என்ற தேதி இருக்கிறது, போர் முடிந்ததோ மே மாதம். அதை மறைக்காமல் எழுதினார்கள். உங்கள் கண்காட்சிக் குறிப்புகளும் அப்படி இருக்கட்டும்.

சரி, நிஜம் என்று உறுதியான படங்களையெல்லாம் மாட்டிவிடலாமா? கூடாது என்பேன். கொழும்பின் பொரளையில் நிர்வாணமாக்கி உட்கார வைத்த ஒரு தமிழரைச் சுற்றி இளைஞர்கள் சிரித்து ஆடும் 1983 ஜூலைப் படம் உங்கள் தொகுப்பிலும் கட்டாயம் இருக்கும். சந்திரகுப்த அமரசிங்க என்ற சிங்களப் புகைப்படக்காரர் எடுத்தது. யார் எடுத்தது, எங்கே எடுத்தது என்பது தெரிந்த படம் அது. மாட்டுவதானால் படிப்பகத்துக்குள், அந்த மனிதரின் உடலை மறைத்து, எடுத்தவர் பெயரோடு மாட்டுங்கள். குறிப்பில் ‘ராணுவம்’ என்று எழுதிவிடாதீர்கள். படத்தில் இருப்பது கும்பல். கும்பலை அரசு தடுக்காமல் விட்டது, உடந்தையாக இருந்தது என்பதைத் தனியாக எழுதுங்கள்.

2013 பிப்ரவரியில் வெளிவந்த, புலிகள் தலைவர் பிரபாகரன் மகன் பாலச்சந்திரனின் படங்களும் உங்களிடம் இருக்கும். ஒன்றில் 12 வயதுப் பையன் மணல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஏதோ தின்கிறான். அடுத்ததில் மார்பில் குண்டுக் காயங்களோடு கிடக்கிறான். கொன்றதை இலங்கை ராணுவம் மறுத்தது. அந்த மார்ச்சில் தமிழ்நாடு முழுக்க மாணவர்கள் தெருவுக்கு வந்தபோது இரண்டையும் எங்கும் பார்த்தோம். விசாரணைக்கு இரண்டும் வேண்டும், பிடிபட்ட பிறகு உயிரோடு இருந்தான் என்பதைச் சொல்வதே அந்த வரிசைதான். சுவருக்கு முதல் படம் போதும். நெஞ்சைப் பிசைவதும் அதுதான்.

பெண்களின் ஆடை கலைந்த உடல்கள் இருக்கும் படங்களை, மங்கலாக்கியும் வைக்காதீர்கள். பல படங்கள் சிப்பாய்களே வெற்றிப் பெருமைக்காகக் கைபேசியில் எடுத்தவை. நாம் பரப்பும் ஒவ்வொரு தடவையும் அவர்கள் நினைத்ததுதான் நடக்கிறது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது நம் நாட்டில் பாரதிய நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவின்படி குற்றம். இறந்தவருக்கும் இந்தக் கண்ணியம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்னது. குற்றம் நடந்தது வேறு நாடு என்று வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆனால் அவற்றை அழித்துவிடவும் வேண்டாம். யாருக்கும் அனுப்பாமல், எப்போது யாரிடமிருந்து வந்தது என்று எழுதி ஒரு பென் டிரைவில் வைத்துவிடுங்கள். யாரிடமாவது தானே எடுத்த மூலப்படம் இருந்தால் அது சாட்சியம். இலங்கை பற்றிய சான்றுகளைச் சேர்த்துப் பாதுகாக்க, ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் 2021 மார்ச் தீர்மானத்துக்குப் பிறகு ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகத்தில் தனிப் பிரிவே இயங்குகிறது.

பஸ் ஸ்டாண்ட் ஃப்ளெக்ஸை விட்டுவிடுங்கள். படிப்பகத்துக்கு வருகிறவர் பார்க்க வேண்டும் என்றே வருகிறார். பஸ் ஸ்டாண்டில் நிற்கும் பள்ளிப் பிள்ளைக்கு அந்தத் தேர்வு இல்லை. அனுமதியும் வாங்க வேண்டும். புலிகள் இயக்கம் இந்தியாவில் 1992 முதல் தடை செய்யப்பட்டது, ஆகவே கொடி, சின்னம் உள்ள படம் பொது இடத்தில் இருந்தால் போலீஸ் வந்து கேட்கும். முன்கூட்டியே உள்ளூர் வக்கீல் ஒருவரிடம் காட்டிவிடுவது நல்லது.

இன்னொன்று. உங்கள் தாத்தா பாட்டி 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி வந்தவர்களாக இருந்தால், அவர்களுக்கு நடந்ததும் அரசு செய்த வன்முறைதான். 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று இரண்டு அரசுகள் உட்கார்ந்து கணக்குப் போட்டன. அதற்கு எந்தப் பிணப் படமும் இல்லை. தகரப் பெட்டியில் இருக்கும் பாஸ்போர்ட்டும், தலைமன்னாரில் கப்பல் ஏறும் முன் தோட்டத்து லயத்து (வரிசை வீட்டு) வாசலில் எடுத்த குடும்பப் படமும்தான் இருக்கும். பெரியவர்களிடம் கேட்டு, சம்மதித்தால் பிரதி எடுத்து அவற்றை முதல் சுவரில் வையுங்கள்.

சண்டைக்குக் காரணமான படத்தைக் கண்காட்சியில் சேர்க்காதீர்கள். அது வந்த அதே குழுவில், படத்தைத் திரும்பப் போடாமல், இப்படி எழுதுங்கள்: ‘2009 என்று வந்த படம் எங்கே, எப்போது எடுத்தது என்று உறுதியாகவில்லை. அதனால் வைக்கவில்லை. முதலில் எங்கே பார்த்தீர்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், மூலக் கோப்பு இருந்தால் டாக்குமென்ட்டாகத் தனியாக அனுப்புங்கள்.’